ஹெலிகொப்டரில் அசையாமல் நின்றால் கொழும்பு வருமா?

தம்பி, உங்கள் கேள்வியை எனக்கு விளங்கிய மாதிரி முதலில் ஒருதரம் சொல்லிவிடுகிறேன். பூமி மணிக்கு ஆயிரத்து அறுநூறு கிலோமீற்றருக்கு மேலான வேகத்தில் சுற்றுகிறதென்று பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறார்கள். அப்படியென்றால் திருகோணமலை பஸ் நிலையத்துக்கு மேலே ஒரு ஹெலிகொப்டரில் ஏறி அசையாமல் நின்றால் கொழும்பு தானாகக் கீழே வந்து சேராதா, எதற்காக ஆறு ஏழு மணித்தியாலம் பஸ்ஸில் இடிபட வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். "பகிடி இல்லை, உண்மையாகத்தான் கேட்கிறேன்" என்றும் எழுதியிருக்கிறீர்கள். பகிடியாக எடுத்தாலும் நல்ல கேள்விதான். உள்ளே போய்ப் பார்த்தால் அதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இவ்வளவு வேகம் ஏன் எங்களுக்குத் தெரிவதில்லை? தெரியாதென்றால், பூமி சுற்றுகிறது என்பதை இங்கே, திருகோணமலையில் நின்றே கண்டுகொள்ள வழி உண்டா? உயர்தர வகுப்புகளுக்குப் பௌதிகவியல் படிப்பித்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு சின்னச் சிக்கல். உங்கள் திட்டம் பலித்தாலும் கொழும்பு வராது. பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுற்றுகிறது. ஆகவே நீங்கள் வானில் நின்றால் கீழே வருவது, எங்களுக்கு நேர் மேற்கே அதே அகலக்கோட்டில் இருக்கும் இடம். திருகோணமலை வடக்கே ஏறக்குறைய 8.6 பாகையில் இருக்கிறது, கொழும்போ 7 பாகைக்கும் சற்றுக் கீழே. எங்களுக்கு நேர் மேற்கே போனால் வில்பத்துக் காடும் அதன் கடலோரத்தில் குதிரைமலை முனையும்தான். இந்த அகலக்கோட்டில் நிலம் நகரும் வேகம் மணிக்குச் சுமார் 1,650 கிலோமீற்றர். கணக்குப் பார்த்தால் ஐந்தரை நிமிடத்தில் குதிரைமலை வந்துவிடும், அதற்குப் பிறகு கடல். இரண்டு மணித்தியாலத்தில் சோமாலியா. கொழும்புக்கு அப்போதும் பஸ்தான் எடுக்க வேண்டும், அதுவும் சோமாலியாவில் இருந்து.

இந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் நீங்கள் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். கி.பி. 499இல் ஆரியபடர் தன் நூலில் பூமிதான் சுழல்கிறது என்று எழுதினார். படகில் முன்னோக்கிப் போகிறவனுக்குக் கரையில் அசையாமல் நிற்பவை பின்னோக்கி ஓடுவதுபோலத் தெரிகிறதல்லவா, அதுபோலவே அசையாத விண்மீன்கள் இலங்கையில் நேர் மேற்காகப் போவதுபோலத் தெரிகின்றன என்றார். (உடனே மார்தட்ட வேண்டாம். அந்தக் காலத்து வானியலாளர்கள் சொன்ன இலங்கை, மத்தியகோட்டில் அவர்கள் கணக்குக்காக வைத்துக்கொண்ட ஒரு புள்ளி.) பூமி ஒருமுறை சுழல அவருடைய கணக்குப்படி ஆகும் நேரம் 23 மணி 56 நிமிடம் 4 செக்கன். இன்றைய அளவும் அதேதான். ஆனால் அவருக்கு அடுத்த தலைமுறையில் வந்த வராகமிகிரர் ஒத்துக்கொள்ளவில்லை. பூமி சுழல்வது உண்மையென்றால் வானில் பறக்கும் பருந்து திரும்பித் தன் கூட்டுக்கு எப்படி வரும் என்று கேட்டார். அவருடைய பருந்துதான் உங்களிடம் ஹெலிகொப்டராக வந்திருக்கிறது. ஆயிரத்து ஐந்நூறு வருடத்துக்கு முன் ஒரு பேரறிஞர் தடுக்கிய இடத்தில் நீங்களும் தடுக்கியிருக்கிறீர்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

விடை ஆரியபடரின் படகிலேயே இருக்கிறது, அவர் அதை அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போகவில்லை, அவ்வளவுதான். முன்பு மூதூருக்கு லாஞ்சில் போய்வந்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். கடல் அமைதியாக இருந்து லாஞ்ச் ஒரே சீராக ஓடும்போது ஒரு தேசிக்காயை நேர் மேலே எறிந்தால் அது உங்கள் கைக்கே திரும்பி வரும். பின்னால் இருக்கிறவரின் தலையில் விழாது. ஏனென்றால் கையை விட்டபிறகும் தேசிக்காய்க்கு லாஞ்சின் வேகம் அப்படியே இருக்கிறது, அதைப் பறிக்க யாரும் வரவில்லை. இதைத்தான் சடத்துவம் என்று படிப்பிக்கிறோம். நிலத்தில் நின்று நீங்கள் துள்ளினால் அரைச் செக்கன் காற்றில் இருப்பீர்கள். அதற்குள் திருகோணமலை 230 மீற்றர் கிழக்கே போய்விடுகிறது. நீங்களும் அதே 230 மீற்றர் போகிறீர்கள். ஹெலிகொப்டரும் அப்படித்தான், தரையை விட்டு எழும்பும்போதே அந்த 1,650ஐயும் எடுத்துக்கொண்டுதான் எழும்புகிறது. அது தாங்கி நிற்கும் காற்றும் பூமியோடு சேர்ந்து அதே வேகத்தில்தான் வருகிறது. காற்று பின்தங்கி நின்றிருந்தால் நாங்கள் ஹெலிகொப்டரைப் பற்றிக் கதைக்க உயிரோடு இருந்திருக்க மாட்டோம். மணிக்கு 1,650 கிலோமீற்றர் காற்றில் எந்தக் கூரை நிற்கும்?

சரி, வேகம் தெரியாததற்குக் காரணம் இதுவா? பெரும்பாலும் இதுதான். உடம்புக்கு வேகம் தெரியாது, வேகத்தில் வரும் மாற்றம்தான் தெரியும். பஸ் பிரேக் போட்டால் தெரியும், வளைவில் திரும்பினால் தெரியும், நேர் தெருவில் ஒரே சீராகப் போனால் நித்திரை வரும். பூமி பிரேக் போடுவதில்லை. வளைவு மட்டும் உண்டு, ஏனென்றால் நாங்கள் வட்டத்தில் போகிறோம். ஆனால் அந்த வளைவில் மணிக்குப் 15 பாகைதான் திரும்புகிறோம். அதனால் உண்டாகும், எங்களை வெளிப்பக்கம் தள்ளும் மையநீக்க விசை இங்கே எங்கள் நிறையில் 0.34 சதவீதம். உடம்புக்கு அது ஒன்றுமே இல்லை. ஆனால் தராசுக்குத் தெரியும். நோர்வேயில் இருக்கும் உங்கள் மாமா ஒருவர் ஒஸ்லோவில் நல்ல வில்தராசு ஒன்றில் ஏறி நின்று 80 கிலோ பார்த்தார் என்று வையுங்கள். அந்தத் தராசையே பெட்டியில் போட்டுக்கொண்டு இங்கே வந்து மறுபடி ஏறினால் அது 300 கிராம் குறைத்துக் காட்டும். அதில் ஒரு பங்கு நேரடியாகச் சுழற்சியால். மற்றப் பங்கு, சுழன்று சுழன்று பூமி நடுவில் 21 கிலோமீற்றர் பிதுங்கியிருப்பதால். துருவத்தில் நிற்பவரைவிட நாங்கள் பூமியின் மையத்துக்கு அவ்வளவு தூரத்தில் இருக்கிறோம். மாமா மெலிந்துவிட்டார் என்று மாமி சந்தோசப்பட முடியாது, இரண்டு தட்டுத் தராசில் படிக்கல் வைத்து நிறுத்தால் வித்தியாசமே வராது, படிக்கல்லும் அதே அளவு குறைந்துவிடும். மீன் சந்தையில் இதை வைத்து ஒருவரும் வியாபாரம் பண்ண முடியாததற்கும் அதுதான் காரணம். இதை முதலில் கவனித்தவர் ஜான் ரிஷேர் என்ற பிரெஞ்சு வானியலாளர். 1672இல் பாரிசில் சரியாக ஓடிய ஊசல் மணிக்கூட்டைத் தென் அமெரிக்காவின் கயேனுக்குக் கொண்டுபோனபோது, அது நாளொன்றுக்கு இரண்டரை நிமிடம் பிந்தியது. கயேனும் எங்களைப் போல மத்தியகோட்டுக்கு அருகில்தான்.

வானத்தில் உண்மையாகவே அசையாமல் நிற்க வேண்டும், பூமி கீழே சுழலட்டும் என்றால் அதற்கும் வழி உண்டு. இங்கேயிருந்து மேற்குப் பக்கமாக மணிக்கு 1,650 கிலோமீற்றர் வேகத்தில் பறக்க வேண்டும். அது ஒலியைவிட வேகம், ஹெலிகொப்டரால் முடியாது. கொங்கோர்ட் விமானத்தால் முடிந்தது. 1973 ஜூன் 30இல் ஒரு கொங்கோர்ட் ஆபிரிக்காவுக்கு மேலே சந்திரனின் நிழலோடு சேர்ந்து ஓடி, தரையில் நிற்பவருக்கு ஏழு நிமிடமளவில் முடியும் முழுச் சூரிய கிரகணத்தை 74 நிமிடம் பார்த்தது. இலண்டனில் சூரியன் மறைந்தபிறகு புறப்பட்டு நியூயோர்க் பக்கம் போனவர்கள் சூரியன் மேற்கில் உதிப்பதைக் கண்டிருக்கிறார்கள். ஆனால் எரிபொருள் செலவைப் பார்த்தால் பஸ் காசு பரவாயில்லை.

இந்த இடத்தில் வழக்கமாக இன்னொருவர் கையைத் தூக்குவார்: "சேர், கட்டுநாயக்காவில் இருந்து இலண்டன் போக எடுக்கிற நேரம் திரும்பி வருவதைவிடக் கூடத்தானே, அது பூமி சுற்றுவதால்தானே?" நேரடியாக இல்லை. மேலே பத்துக் கிலோமீற்றர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் வேகக் காற்றோட்டம் வரும்போது தள்ளிவிடுகிறது, போகும்போது எதிர்க்கிறது. அந்தக் காற்றோட்டம் அப்படி ஓடுவதற்குப் பூமியின் சுழற்சி ஒரு காரணம் என்பது உண்மை. அந்த அளவுக்குச் சுழற்சியின் கை அதில் இருக்கிறது.

இனி இரண்டாவது கேள்வி. இங்கே எனக்கு மிகவும் பிடித்த விசயம் ஒன்று உண்டு, பாடப் புத்தகம் அதைப் பெரிதாகச் சொல்வதில்லை. சுழற்சி எல்லா ஊருக்கும் ஒரே மாதிரிக் கிடைப்பதில்லை. வடதுருவத்தில் நிற்கும் ஒருவர் எங்கும் போவதில்லை, நின்ற இடத்திலேயே ஒரு நாளில் ஒரு முழுச் சுற்றுத் திரும்புகிறார். மத்தியகோட்டில் நிற்பவர் மணிக்கு 1,670 கிலோமீற்றர் போகிறார், ஆனால் அவருடைய காலடி நிலம் இடம் வலமாகக் கொஞ்சமும் திரும்புவதில்லை. நாங்கள் இரண்டாமவருக்குப் பக்கத்தில் இருக்கிறோம். வேகம் எங்களுக்குத் தாராளம், திருப்பம் கஞ்சத்தனம். துருவத்தில் மணிக்குப் 15 பாகை திரும்பும் நிலம், திருகோணமலையில் மணிக்கு இரண்டேகால் பாகைதான் திரும்புகிறது. பூமி சுற்றுவதைக் காட்டுவதற்கு உலகம் முழுக்கச் சொல்லப்படும் பரிசோதனைகளில் பாதி எங்கள் ஊரில் சோம்பிப்போவதற்கு இதுதான் காரணம். 1851இல் பாரிசில் பூக்கோ என்ற பிரெஞ்சு விஞ்ஞானி 67 மீற்றர் கம்பியில் 28 கிலோக் குண்டைத் தொங்கவிட்டு ஆட்டினார். கீழே நிலம் திரும்புவதால் குண்டு ஆடும் திசை மணிக்குப் பதினொரு பாகை வீதம் திரும்பியதைச் சனம் நின்று பார்த்தது. 32 மணித்தியாலத்தில் அங்கே ஒரு முழுச் சுற்று. அதே குண்டை இங்கே தொங்கவிட்டால் ஒரு சுற்றுக்கு 160 மணித்தியாலம், அதாவது ஆறரை நாளுக்கும் மேல். பார்க்க வருகிறவர்கள் சாப்பாடு கட்டிக்கொண்டு வர வேண்டும்.

கைகழுவும் பேசினில் தண்ணீர் சுழன்று இறங்கும் கதையும் இதோடு சேர்ந்ததுதான். வடக்கில் இடஞ்சுழி, தெற்கில் வலஞ்சுழி என்று சொல்வார்கள். உங்கள் வீட்டு பேசினுக்கு அது பொய். அதைத் தீர்மானிப்பது பேசினின் வடிவமும், குழாயைத் திறந்த விதமும், நீங்கள் கையால் கலக்கியதும்தான். 1962இல் அமெரிக்காவில் ஆஷர் ஷபீரோ என்பவர் ஆறடி அகலத் தொட்டியில் நீரை ஒரு நாள் முழுக்க ஆடாமல் விட்டு, பிறகு நடுவில் சின்னத் துளையால் இறக்கினார். அப்போதுதான் பொஸ்டன் அருகே அது இடஞ்சுழியாகத் திரும்பியது. பிறகு சிட்னியில் அதேபோலச் செய்தபோது வலஞ்சுழி வந்தது. ஆகவே விளைவு உண்மை, ஆனால் அதை வெளியே கொண்டுவர அவ்வளவு பொறுமை வேண்டும். எங்கள் அகலக்கோட்டில் பொஸ்டனைவிட இன்னும் நாலிலொரு பங்குக்கும் குறைவாகத்தான் அது கிடைக்கும். கென்யாவில் மத்தியகோட்டுக் கிராமம் ஒன்றில் சுற்றுலாப் பயணிகளுக்கு ஒரு பாத்திரத்தோடு கோட்டின் இந்தப் பக்கம் பத்தடி, அந்தப் பக்கம் பத்தடி நடந்து, தண்ணீர் மாறிச் சுழல்வதைக் காட்டிக் காசு வாங்குகிறார்கள். அது கைவித்தை. அந்த இடத்தில் திருப்பம் கிட்டத்தட்டப் பூச்சியம். நல்ல கைவித்தை, அதற்குக் காசு கொடுப்பதில் தப்பில்லை.

நிலத்தின் திருப்பம் ஓடும் நீரையும் காற்றையும் பக்கவாட்டில் விலக்குவதைக் கொரியோலிஸ் விளைவு என்பார்கள். பேசினில் தோற்கும் அது கடலில் வந்து எங்களிடம் கணக்குத் தீர்க்கிறது. சூறாவளி ஒன்று சுழலத் தொடங்குவதற்கு நிலத்தின் இந்தத் திருப்பம் கொஞ்சமாவது வேண்டும். அதனால் மத்தியகோட்டில் இருந்து ஐந்து பாகைக்குள் சூறாவளி உருவாவது மிக அரிது. நாங்கள் இருப்பதோ எட்டரைப் பாகையில், பாதுகாப்பான வட்டத்துக்குச் சற்று வெளியே. 1964 டிசம்பரில் திருகோணமலையைத் தாக்கிவிட்டுப் போய்த் தனுஷ்கோடியை அழித்த சூறாவளியும், 2020 டிசம்பரில் எங்கள் கரையில் ஏறிய புரெவியும் வங்காள விரிகுடாவில் இடஞ்சுழியாகச் சுழன்று வந்தவைதான். இடஞ்சுழி என்பதால், கிழக்கிலிருந்து மையம் நேராக எங்களை நோக்கி வந்தால் முதலில் வடக்குப் பக்கக் காற்று அடிக்கும், மையம் கடந்தபிறகு தெற்குப் பக்கக் காற்றாக மாறும். நடுவில் வரும் அமைதியைப் பார்த்து முடிந்துவிட்டதென்று வெளியே இறங்குபவர்களுக்குத்தான் ஆபத்து. கடலில் இருக்கிறவருக்கு இன்னொரு பழைய விதி: காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் மையம் ஏறக்குறைய உங்கள் இடக்கைப் பக்கம். தென் அரைக்கோளத்தில் இது வலக்கை. பூமி சுற்றுவது நேரடியாக உயிரோடு சம்பந்தப்படும் இடம் எங்களுக்கு இதுதான் என்று நினைக்கிறேன்.

திருப்பத்தில் நாங்கள் ஏழை, வேகத்தில் பணக்காரர் என்றேன் அல்லவா, வேகத்தைக் காட்டும் பரிசோதனைகள் இங்கே நன்றாக வர வேண்டும். உயரத்தில் இருந்து போட்ட கல் நேர் கீழே விழாமல் ஒரு துளி கிழக்கே விழும், ஏனென்றால் உச்சி அடிவாரத்தைவிடப் பெரிய வட்டத்தில் கொஞ்சம் வேகமாகச் சுற்றுகிறது. இதை 1679இல் நியூட்டன் சொன்னார். 1831இல் ஜேர்மனியில் பிரைபேர்க் சுரங்கத்தில் 158 மீற்றர் ஆழத்துக்குக் குண்டுகளைப் போட்டு 28 மில்லிமீற்றர் கிழக்கு விலகலை அளந்தார்கள். கோணேசர் மலையில் இராவணன் வெட்டுப் பக்கம் நின்று நூறு மீற்றர் விழுந்தால் கணக்குப்படி 22 மில்லிமீற்றர் வரும். கணக்குப்படி மட்டும்தான். அந்த இடத்துக் கடற்காற்று கல்லை அதைப்போலப் பல மடங்கு தள்ளிவிடும். தயவுசெய்து முயற்சி பண்ண வேண்டாம், கீழே வள்ளங்கள் வரும்.

அதற்குப் பதிலாக ஆபத்தில்லாத ஒன்று சொல்கிறேன், இரண்டு பேரும் இரண்டு கைத்தொலைபேசியும் போதும். கிழக்கே கடல் விளிம்பு தெளிவாக இருக்கும் ஒரு காலையில் ஒருவர் கடற்கரை மணலில் நிற்கட்டும், மற்றவர் கோணேசர் மலையில் ஏறிக் கடல் தெரியும் இடத்தில் நிற்கட்டும். அழைப்பில் இருந்தபடியே சூரியனின் முதல் கீற்றுத் தெரியும் கணத்தைச் சொல்லட்டும். நூறு மீற்றர் உயரத்தில் நிற்பவர் மணலில் நிற்பவரைவிட ஒரு நிமிடத்துக்குச் சற்று மேலாக முன்னதாகச் சொல்வார். உயரத்தில் இருப்பவருக்குக் கடல் விளிம்பு இன்னும் தாழ்ந்து தெரிகிறது, பூமி அந்தச் சிறிய கோணத்தைச் சுழன்று முடிக்க எடுத்த நேரம்தான் அந்த ஒரு நிமிடம். மணலில் நிற்பவருக்கு இன்னொரு வேலை: முதல் கீற்றில் இருந்து முழு வட்டமும் கடலை விட்டுப் பிரியும் வரை நேரம் எடுக்கட்டும். இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல் வரும். சூரிய வட்டம் வானில் அரைப் பாகை அகலம், பூமி நாலு நிமிடத்துக்கு ஒரு பாகை திரும்புகிறது. அந்த இரண்டு நிமிடமும் சூரியன் மேலே ஏறுகிறது என்ற நினைப்பை விட்டுவிட்டு, நீங்கள் நிற்கும் கரையும் கடலும் முன்பக்கமாகக் கீழே சாய்கின்றன என்று நினைத்துப் பாருங்கள். சிலருக்கு ஒரு கணம் தலை சுற்றும். சூரியனை முழுதாக எழும்பியபிறகு வெறுங்கண்ணால் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம்.

"திடீரென்று பூமி நின்றால் என்ன ஆகும்" என்பதையும் கடைசி வரியில் சேர்த்திருந்தீர்கள். நிற்காது, நிறுத்தக்கூடிய எதுவும் பக்கத்தில் இல்லை. ஆனாலும் கேட்டதற்காக: நிலம் மட்டும் நின்றால் நாங்கள் எல்லோரும் செக்கனுக்கு 460 மீற்றர் வேகத்தில் கிழக்கே போவோம். திருகோணமலையில் கிழக்கே இருப்பது கடல். கோவில் வாசலில் நின்றவர் விழுவதற்குள் இரண்டு கிலோமீற்றர் தாண்டியிருப்பார். ஆனால் கடலும் நிற்காதே, அதுவும் எங்களுக்கு முன்னாலேயே கிழக்கே ஓடியிருக்கும். பின்னால் மன்னார்ப் பக்கத்துக் கடல் தீவைத் தாண்டி வந்துகொண்டிருக்கும். அதற்கு மேல் கற்பனை பண்ணுவது உங்கள் பொறுப்பு.

நிற்காது என்றேன், ஆனால் மெல்ல மெல்லத் தளர்கிறது. இதில் உறுதியானது எது, உறுதியில்லாதது எது என்று பிரித்துச் சொல்ல வேண்டும். சந்திரன் எழுப்பும் வற்றுப்பெருக்கு பூமியின் சுழற்சியை உரசிக் குறைக்கிறது, சந்திரன் அந்தச் சக்தியை வாங்கிக்கொண்டு வருடத்துக்கு 3.8 சென்ரிமீற்றர் விலகிப் போகிறது. இது அளந்து கண்டது, சந்தேகமில்லை. பழைய கிரகணக் குறிப்புகளை வைத்துப் பார்த்தால் நாளின் நீளம் நூற்றாண்டுக்குச் சுமார் 1.8 மில்லிசெக்கன் கூடியிருக்கிறது. முருகைக்கல் இதற்கு நல்ல சாட்சி. எங்கள் நிலாவெளிக்கு எதிரே புறாமலைத் தீவைச் சுற்றி இருப்பதைப் போன்ற முருகைகள் நாளுக்கு ஒரு மெல்லிய கோடு வைத்து வளரும். 1963இல் ஜோன் வெல்ஸ் என்பவர் மிகப் பழைய முருகைப் புதைபடிவங்களில் அந்தக் கோடுகளை எண்ணி, சுமார் 38 கோடி வருடங்களுக்கு முன் ஒரு வருடத்தில் ஏறக்குறைய 400 நாள் இருந்ததென்று காட்டினார். அப்போது ஒரு நாளுக்கு 22 மணித்தியாலம்தான். சம்பளம் மாதக் கணக்கில் வாங்குகிறவர்கள் சந்தோசப்பட்டிருக்க மாட்டார்கள்.

2004 டிசம்பர் 26 சுனாமி பூமியின் சுழற்சியையே மாற்றிவிட்டது என்று எங்கள் கரையோரத்தில் இன்னும் கதை இருக்கிறது. அதில் உண்மை உண்டு, ஆனால் அளவைப் பாருங்கள். சுமாத்திரா நிலநடுக்கம் பூமியின் பொருளைச் சற்று உள்ளே இழுத்ததால் நாளின் நீளம் 2.68 மைக்ரோசெக்கன் குறைந்திருக்க வேண்டும் என்று நாசா விஞ்ஞானிகள் கணித்தார்கள். ஒரு செக்கனைப் பத்து இலட்சமாகப் பிரித்தால் அதில் மூன்றுக்கும் குறைவு. அது கணிப்பு மட்டுமே, அளக்கப்பட்டதில்லை, ஏனென்றால் காற்றும் கடலும் நாளாந்தம் உண்டாக்கும் ஏற்ற இறக்கத்துக்குள் அது மறைந்துவிடும். சுனாமிக்குப் பிறகு நாட்கள் சீக்கிரம் போகின்றன என்று சொல்பவர்களுக்கு வயது போகிறதென்பதுதான் காரணம்.

உறுதியில்லாத பகுதி கடந்த சில வருடங்களைப் பற்றியது. நூற்றாண்டுக் கணக்கில் தளர்ந்து வந்தாலும் பூமி அண்மையில் கொஞ்சம் வேகம் பிடித்திருக்கிறது. 2024 ஜூலை 5 வழமையான 24 மணித்தியாலத்தைவிட 1.66 மில்லிசெக்கன் குறைந்த நாள். பூமியின் உள்ளே உருகிய இரும்புக் கருவின் ஓட்டம் காரணமாக இருக்கலாம் என்று பெரும்பாலானோர் நினைக்கிறார்கள். பனி உருகி நீர் மத்தியகோட்டுப் பக்கம் பரவுவது இதற்கு எதிராக வேகத்தைக் குறைக்கிறது. எது எவ்வளவு என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. உலக மணிக்கூடுகளைப் பூமியோடு ஒத்துப்போக வைக்க 1972 முதல் 27 தடவை ஒரு செக்கன் கூட்டியிருக்கிறார்கள். கடைசியாகக் கூட்டியது 2016 முடிவில். 2035க்குள் இந்தப் பழக்கத்தையே நிறுத்துவதென்று 2022இல் தீர்மானமாகிவிட்டது.

மணிக்கூட்டைப் பற்றிப் பேசும்போது எங்கள் ஊர்க்காரருக்கு ஒன்று ஞாபகம் வரும். 1996இல் அரசாங்கம் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது, அதே வருடம் அரை மணித்தியாலம் பின்னே இழுத்தது, 2006இல் மிச்ச அரை மணித்தியாலத்தையும் இழுத்துப் பழைய இடத்துக்கே வந்தது. அந்த இடைக்காலத்தில் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் பழைய நேரத்தையே வைத்திருந்தன. எங்கள் மாவட்டத்துக்குள்ளேயே நகரத்தில் ஒரு நேரம், சம்பூர்ப் பக்கம் இன்னொரு நேரம். யாராவது பத்து மணிக்கு வருகிறேன் என்றால் "பழைய பத்தா, புதிய பத்தா?" என்று கேட்டபிறகுதான் தேத்தண்ணி வைப்பார்கள். பூமிக்கு இதெல்லாம் தெரியாது. இன்றைய நேரம் கிழக்கு நெடுங்கோடு 82.5 பாகைக்குரியது, நாங்கள் அதற்குச் சற்று மேற்கே இருப்பதால் சூரியன் எங்கள் உச்சிக்கு வருவது சராசரியாகப் பன்னிரண்டு மணி ஐந்து நிமிடத்துக்கு. கொழும்பு இன்னும் மேற்கே இருப்பதால் அங்கே மேலும் ஐந்தரை நிமிடம் பிந்தித்தான் வரும். உங்கள் ஹெலிகொப்டர் குதிரைமலைக்குப் போக எடுத்ததாகச் சொன்ன அதே ஐந்தரை நிமிடம்தான், இரண்டும் ஏறக்குறைய ஒரே நெடுங்கோட்டில் இருக்கின்றன.

பூமி சுற்றுவதை வைத்துக் காசை மிச்சம் பிடிப்பது முடியவே முடியாதா என்றால், பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள், எங்களுக்குப் பக்கத்திலேயே. சிறீஹரிக்கோட்டாவில் இருந்து கிழக்கு நோக்கி ஏவும் ரொக்கெட்டுக்குப் பூமி செக்கனுக்கு 450 மீற்றர் வேகத்தை இலவசமாகக் கொடுத்தனுப்புகிறது. தாழ்ந்த சுற்றுப்பாதைக்குத் தேவையான செக்கனுக்கு 7.8 கிலோமீற்றர் வேகத்தில் அது சின்னப் பங்குதான், ஆனால் அந்தப் பங்குக்கு எரிபொருள் தேவையில்லை. ஐரோப்பியர்கள் தங்கள் ஏவுதளத்தைத் தென் அமெரிக்காவில் ஐந்து பாகை அகலக்கோட்டுக்குக் கொண்டுபோய் வைத்ததற்கும் இது ஒரு முக்கிய காரணம். துருவப் பாதைக்கு ஏவும்போது மட்டும் இந்த இலவசம் உதவாது, தெற்கே போக வேண்டும். நேர் தெற்கே போனால் வழியில் நாங்கள் இருக்கிறோம். அதனால் இந்திய ரொக்கெட்டுகள் இலங்கைக்கு மேலே வராமல் முதலில் கடல் பக்கம் ஒதுங்கி, பிறகு தெற்கே வளைந்து போகின்றன, அந்த வளைவுக்கு எரிபொருள் வீணாகிறது. அந்த வளைவைத் தவிர்ப்பதற்காகவே தூத்துக்குடி மாவட்டத்துக் குலசேகரப்பட்டினத்தில் புதிய ஏவுதளத்துக்கு 2024 பெப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். அங்கேயிருந்து தெற்கே பார்த்தால் முன்னால் தீவு இல்லை.